பதினான்கு இடங்களும் ஒரு திண்ணையும்: புதுச்சேரியில் இரண்டு நாள், ஒரு நிகழ்வு ஆய்வு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் பாண்டி. கூட்டம் இருந்தால் ஒரு மணி நேரம். 22 கிலோமீட்டர்தான். கல்யாணத்துக்குத் துணி எடுக்க, சொந்தக்காரர்களைப் பார்க்க, சாயங்காலம் கடற்கரையில் காற்று வாங்க என்று நான் அங்கே போகாத மாதம் கிடையாது. அதனால் கல்லூரி நண்பர்கள் நான்கு பேர், "நீதான்டா பக்கத்து ஊர்க்காரன், எங்களைக் கூட்டிட்டுப் போய் காட்டு" என்று கேட்டபோது உடனே சரி என்றேன். தெரிந்த ஊர்தானே என்ற தைரியம்.

ஜனவரியில், பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறும் திங்களும் போனோம். முதல் நாள் எல்லோருக்கும் சலிப்பிலும் ஒரு சண்டையிலும் முடிந்தது. இரண்டாம் நாள், எங்கள் ஐந்து பேருக்கும் இன்றுவரை பேசித் தீராத நாளாக அமைந்தது. அதே ஊர், அதே ஆட்கள், கையில் இருந்த காசும் ஏறக்குறைய அதேதான். எது மாறியது என்பதைத்தான் இங்கே நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன். ஒவ்வொரு சனி ஞாயிறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேன் வேனாக வந்து இறங்கும் நண்பர் கூட்டங்களைப் பார்க்கும்போது, எங்களுடைய முதல் நாள்தான் அவர்களுக்கும் நடக்கிறது என்று தோன்றுகிறது. இவ்வளவு கலை கொட்டிக் கிடக்கும் ஊரைப் பார்க்காமலே திரும்பிப் போகிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஐந்து பேரைப் பற்றிச் சுருக்கமாக. நான் ஒரு பொறியாளர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடுகிறவன். கோவையில் இருந்து வந்தவன் மில் ஒன்றில் கணக்கர். பட்டியலும் நேரமும் அவன் பொறுப்பு. கும்பகோணத்தில் இருந்து வந்தவன் பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர். சென்னையில் இருந்து வந்த தோழி செவிலியர், இரவுப் பணி முடித்து நேராகப் பஸ் ஏறி வந்தவள். மதுரைக்காரன் வங்கியில் இருக்கிறான். இரண்டு வருடம் முன்பு பைக்கில் விழுந்ததில் வலது முழங்கால் இன்னும் சரியாகவில்லை. கால் மணி நேரம் நடந்தால் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். இதை நாங்கள் எல்லோரும் அறிவோம். ஆனால் பட்டியல் போடும்போது யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

ஞாயிறு

கோவைக்காரன் போட்ட பட்டியலில் 14 இடங்கள். சூரிய உதயம், காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், போர் நினைவுச் சின்னம், கப்ஸ் கோயில், மணக்குள விநாயகர், அரவிந்தர் ஆசிரமம், பாரதி பூங்கா, ஆயி மண்டபம், பாரதியார் வீடு, ஆரோவில், திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா, அரிக்கமேடு, கடைசியாக அருங்காட்சியகம். இதில் அருங்காட்சியகத்துக்கு நேரம் போதாது, அதைத் திங்கள் காலை வைத்துக்கொள்ளலாம் என்று சனி இரவே முடிவு செய்திருந்தோம்.

உதயம் அழகாகத்தான் இருந்தது. கடற்கரைச் சாலையில் காலை ஏழரை வரை வண்டிகளை விடமாட்டார்கள். நடக்கிறவர்களுக்குத்தான் அந்தச் சாலை. 1836இல் முதன்முதலாக ஏற்றிய கலங்கரை விளக்கத்தின் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டோம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியில் இருந்து வந்தவை. ஓவிய ஆசிரியன் அந்தத் தூணின் கீழ்ப்பகுதியைத் தடவிப் பார்த்தபடி உட்கார்ந்தான். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. "எழுந்திரிடா, இன்னும் 10 இருக்கு" என்று கோவைக்காரன் இழுத்துக்கொண்டு போனான்.

கப்ஸ் கோயிலில் ஞாயிறு பூசை நடந்துகொண்டிருந்தது. கப்புச்சின் துறவிகளின் பெயர் ஊர் வாயில் தேய்ந்து கப்ஸ் ஆன கோயில் இது. இப்போது நிற்கும் கட்டடம் 1855ஐச் சேர்ந்தது. பூசை நேரத்தில் உள்ளே சுற்றிப் பார்ப்பது முறையில்லை என்று வாசலோடு நின்று, எதிரே இருக்கும் ஜோன் ஆஃப் ஆர்க் சிலையைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்தோம். மணக்குள விநாயகர் கோயில் வரிசையில் 40 நிமிடம். உள்ளே சுவரெங்கும் விநாயகரின் பல வடிவங்கள் வண்ணச் சுதைச் சிற்பங்களாக இருக்கின்றன. பின்னால் வருகிறவர்கள் தள்ளியதில் அதையும் ஓடும் ரயிலில் இருந்து பார்ப்பதுபோலத்தான் பார்த்தோம்.

ஆசிரமத்தில் பேச்சும் கூடாது, செல்பேசியும் கூடாது. எல்லோரும் அணைத்து வைத்தோம். சமாதியைச் சுற்றி இருக்கும் அமைதியில் செவிலியர் தோழி ஒரு மூலையில் உட்கார்ந்து அப்படியே தூங்கிவிட்டாள். அவளை எழுப்பிக்கொண்டு வெளியே வந்தபோது ஓவிய ஆசிரியனைக் காணவில்லை. அணைத்த செல்பேசியை அவன் திரும்ப இயக்கவே இல்லை. ஒரு மணி நேரம் தேடினோம். ரோமன் ரோலந்து வீதி, சஃப்ரன் வீதி என்று வெயிலில் அலைந்து, கடைசியில் பாரதி பூங்காவில் கண்டுபிடித்தோம். ஆயி மண்டபத்துக்கு எதிரே புல்லில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தான்.

"ஊரைப் பார்க்க வந்தோமா, உன்னைத் தேட வந்தோமா?"

"நான் ஊரைத்தான்டா பார்த்துக்கிட்டு இருக்கேன். நீங்கதான் ஓடிக்கிட்டு இருக்கீங்க."

அங்கே தொடங்கிய முறுக்கல் அன்று முழுவதும் தொடர்ந்தது. பாரதியார் வீட்டைப் பட்டியலில் இருந்து அடித்தோம். ஆரோவில் போய்ச் சேர மதியம் இரண்டரை. அங்கே உள்ள தியான மண்டபமான மாத்ரி மந்திருக்குள்ளே அமர்ந்து தியானம் செய்ய முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும் என்பது அங்கே போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வெளியே இருந்து பார்க்கும் இடத்துக்கு நல்ல நடை இருக்கிறது. மதுரைக்காரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்றான். அவனை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனம் வரவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் திரும்பி வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல். பசிலிக்காவையும் விட்டுவிட்டு, ஊருக்குத் தெற்கே அரிக்கமேட்டுக்குப் போனோம்.

அரிக்கமேட்டில்தான் பெரிய ஏமாற்றம். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஆற்றங்கரை, மாமரங்கள், பாதி இடிந்த செங்கல் சுவர்கள். "இதுதானா ரோமானியத் துறைமுகம்?" என்று கோவைக்காரன் கேட்டான். அந்தச் சுவர்கள் ரோமானியர் காலத்தவை அல்ல; 18ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த பிரெஞ்சுப் பாதிரிமார்களின் கட்டடத்தில் மிஞ்சியவை. ரோமானியரோடு வணிகம் நடந்த பழைய துறைமுகம் மண்ணுக்குள் இருக்கிறது. தோண்டிய குழிகளைத் திரும்ப மூடிவிட்டார்கள். இதைச் சொல்லி விளக்க எனக்கு நேரமும் இல்லை, கேட்க அவர்களுக்குத் தெம்பும் இல்லை.

இரவுக் கணக்கு

சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைக் கருங்கற்களில் உட்கார்ந்தோம். அந்த இடத்தில் ஒரு காலத்தில் நல்ல மணல் இருந்தது. தெற்கே துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டிய பிறகு, கரையோடு வடக்கே நகரும் மணல் அங்கேயே தங்கிவிட, ஊருக்கு முன்னால் மணல் போய்க் கல் வந்தது. பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டு அமைத்ததும் அந்தப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நாள் முழுவதும் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

கோவைக்காரன் கணக்கன் அல்லவா, அவனே ஆரம்பித்தான். எல்லோருடைய செல்பேசியிலும் இருந்த படங்களின் நேரத்தை வைத்து அன்றைய நாளைக் கூட்டினான். காலை ஐந்தே முக்காலில் இருந்து இரவு ஒன்பது வரை 15 மணி நேரத்துக்கு மேல். ஆட்டோ, வாடகைக் கார், வரிசை, சாப்பாடு, தேடல், வண்டி நிறுத்த இடம் பார்த்தது எல்லாவற்றையும் கழித்தால், ஏதோ ஒன்றின் முன்னால் நின்று கண்ணால் பார்த்த நேரம் இரண்டு மணி பத்து நிமிடம். அதிலும் உதயத்துக்கு மட்டும் அரை மணி. மற்றபடி ஓரிடத்தில் எட்டு நிமிடத்துக்கு மேல் நாங்கள் நிற்கவே இல்லை, ஓவிய ஆசிரியனைத் தவிர.

எங்கே தவறியது? அன்று இரவு நான் யோசித்ததும் பிறகு தெளிந்ததும் சேர்த்து எழுதுகிறேன். முதல் காரணம், எங்கள் பட்டியல் வரைபடத்தைப் பார்த்துப் போட்டது, கிழமையைப் பார்த்துப் போட்டது அல்ல. ஞாயிறு காலை தேவாலயத்தில் பூசை இருக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஞாயிறு அன்று ஊரில் கூட்டம் இரண்டு மடங்கு என்பது பக்கத்து ஊர்க்காரனான எனக்குத் தெரியும். இருந்தும் வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவற்றைக் கோர்த்துக்கொண்டே போய்விட்டோம்.

இரண்டாவது, வரிசை தலைகீழ். அரிக்கமேட்டில் கிடைத்த பொருள்களில் ஒரு பகுதி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொருளைப் பார்த்துவிட்டு இடத்துக்குப் போனால் அந்த ஆற்றங்கரை பேசும். பொருளைப் பார்க்காதவனுக்கு அது வெறும் மாந்தோப்பு. 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். இத்தாலியில் செய்த சிவப்புப் பளபளப்பு மட்பாண்டச் சில்லுகள்தான் அவருக்குக் காலத்தைக் கணிக்கக் கைகொடுத்தன. அந்தச் சில்லு ஒன்றைக்கூடப் பார்க்காமல் நாங்கள் இடிந்த சுவரைப் பார்த்து ஏமாந்து நின்றோம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எங்கள் ஐந்து பேரிடமும் இடங்களின் பெயர்கள் இருந்தன, ஒரு கேள்விகூட இல்லை. ஒரு இடத்துக்குப் போய் நின்றதும் எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. தெரியாததால் படம் எடுத்தோம். எடுத்ததும் வேலை முடிந்துவிட்டது. இது ஞாயிறு இரவு எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. திங்கள் காலை ஒரு பூட்டிய கதவுதான் தெளிவாக்கியது.

திங்கள்

செயின்ட் லூயி வீதியில் அருங்காட்சியக வாசலில் காலை பத்து மணிக்கு நின்றோம். திங்கட்கிழமை விடுமுறை. விசாரிக்காமல் விட்டது நாங்கள்தான். மாலை ஐந்தரைக்கு அவரவர் ஊர் திரும்ப வேண்டும். கையில் வேறு திட்டமே இல்லை. செவிலியர் தோழி மட்டும் சிரித்துக்கொண்டே, "நல்லதாப் போச்சு, இன்னைக்காவது மெதுவா நடக்கலாம்" என்றாள்.

எனக்கு அப்போது தோன்றியது இதுதான். "இடம் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி வச்சுக்குவோம். இந்த ஊர் வீட்டுல எங்கே தமிழ் முடியுது, எங்கே பிரெஞ்சு ஆரம்பிக்குது? அந்த எல்லைக் கோட்டைக் கண்டுபிடிக்கணும். அவ்வளவுதான்." நான் வரைபடம் போடுகிறவன் என்பதால் வந்த கேள்வி அது. ஓவிய ஆசிரியன் பையில் இருந்து ஆளுக்கு ஒரு தாளும் ஒரு பென்சில் துண்டும் எடுத்துக் கொடுத்தான்.

முதலில் பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த வெள்ளை நகரத்து வீதிகளிலேயே நடந்தோம். நேர்நேராகக் கோடு போட்டதுபோல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வீதிகள். இதை எல்லோரும் பிரெஞ்சுக்காரர் போட்டது என்றே நினைக்கிறார்கள். 1693இல் ஊரைப் பிடித்து ஆறு வருடம் வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட திட்டம் இது. பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்ததும் அதையே வைத்துக்கொண்டார்கள். இன்னொன்று: 1761இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டுப் பிடித்ததும் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டம் ஆக்கினார்கள். ஆகவே இன்று நாம் மஞ்சளும் வெள்ளையுமாகப் பார்த்து மயங்கும் இந்தப் பகுதி 1760களுக்குப் பிறகு பழைய வீதிகளின் மேலேயே திரும்ப எழுந்தது. எங்கள் கடலூரில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1758இல் பிரெஞ்சுக்காரர் பிடித்துச் சிதைத்தார்கள். மூன்று வருடம் கழித்து இங்கே ஆங்கிலேயர் செய்தது அதற்குப் பதிலடி என்று எங்கள் பக்கம் பேசிக்கொள்வார்கள்.

பிரெஞ்சு வீட்டுக்கு வீதியைப் பார்த்து முகமே கிடையாது என்பதை முதலில் கவனித்தது மதுரைக்காரன். ஆள் உயரத்துக்கு மேல் மதில், நடுவே பெரிய வளைவுக் கதவு, மேலே சாய்சட்டம் போட்ட மரச் சன்னல்கள். அழகெல்லாம் உள்ளே: தோட்டம், அதைப் பார்த்துத் தூண் வரிசை. "அரை மணி நேரமாப் பார்க்கிறேன், உட்கார ஒரு இடம் இல்லைடா" என்றான். முழங்கால் வலியில் சொன்னதுதான். ஆனால் அன்றைய ஆய்வின் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

பெரிய வாய்க்காலைத் தாண்டினோம். வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்று ஊரை இரண்டாகப் பிரித்த வாய்க்கால் அது. தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் கல்வே சுப்பராய செட்டி வீதி. வைசியாள் வீதி என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் முயற்சியோடு இந்த வீதியின் வீட்டு முகப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டு வந்தார்கள். அந்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. சுற்றுலாப் பட்டியல்களில் இது அதிகம் வருவதில்லை. எங்கள் பட்டியலிலும் இல்லை.

வீதிக்குள் திரும்பியதும் வித்தியாசம் தெரிந்தது. இங்கே வீடு வீதிக்குத் தன் முகத்தைக் கொடுத்திருக்கிறது. முதலில் தாழ்வாரம்: மரத்தூண்கள் தாங்கும் சாய்வான ஓட்டுக் கூரை. வெயிலிலும் மழையிலும் போகிறவர் யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம். அதை ஒட்டி ஒரு படி மேலே திண்ணை: வீட்டுக்காரருடையது, ஆனால் தெரியாதவரும் உட்காரலாம். அப்புறம்தான் வேலைப்பாடு செய்த நிலைக்கதவு. ஒதுங்குகிறவன், உட்காருகிறவன், உள்ளே வருகிறவன் என்று மூன்று பேருக்கும் மூன்று இடம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

தலையை நிமிர்த்திப் பார்த்தால் மாடி வேறு மொழி பேசுகிறது. வளைவுச் சன்னல்கள், சுவரோடு ஒட்டிய ஜோடித் தூண்கள், சுதையில் செய்த பூச்சரங்கள், கைப்பிடிச் சுவரில் குட்டைத் தூண்கள். கீழே தமிழ் வீடு, மேலே பிரெஞ்சு வீடு. துபாஷிகளாகவும் (மொழிபெயர்த்து இடைநிற்பவர்கள்) வணிகர்களாகவும் பிரெஞ்சுக்காரரோடு பழகிய தமிழ்க் குடும்பங்கள், புது மோஸ்தரை மாடியில் ஏற்றிவிட்டு, ஊரோடு உறவாடும் கீழ்த்தளத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டன.

நாங்கள் தேடிய எல்லைக் கோட்டைக் கண்டுபிடித்தது கோவைக்காரன். ஒரு வீட்டுக்கு எதிரே நின்று, தாளை ஒரு கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "டேய், இங்கே பாருங்க" என்றான். தாழ்வாரக் கூரை சுவரைத் தொடும் இடத்துக்கு ஒரு சாண் மேலே சுண்ணாம்பில் இழுத்த ஒரு விளிம்பு. அதற்குக் கீழே உத்திரத்தின் மரமுனைகள் வெளியே தெரிகின்றன, ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு சின்னப் பூ செதுக்கியிருக்கிறது. விளிம்புக்கு மேலே மரமே இல்லை, எல்லாம் சுதை. கீழே தச்சர் கை, மேலே கொத்தனார் கை. முந்தின நாள் முழுவதும் அவசரப்படுத்திக்கொண்டிருந்தவன் அந்த விளிம்பை வரைய இருபது நிமிடம் எடுத்துக்கொண்டான்.

மதுரைக்காரன் அதற்குள் ஒரு திண்ணை ஓரத்தில் தயங்கித் தயங்கி உட்கார்ந்திருந்தான். கதவைத் திறந்துகொண்டு ஒரு பாட்டி வந்தார். அவன் சட்டென்று எழுந்தான்.

"உக்காரு தம்பி, எதுக்கு எழுந்திருக்கிற? உக்காரத்தானே போட்டிருக்கு."

எங்கள் எல்லோருக்கும் ஒரு சொம்பில் தண்ணீர் வந்தது. செவிலியர் தோழி பாட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "வீடு எத்தனை வருஷம் இருக்கும் பாட்டி?" என்று கேட்டாள். "எங்க மாமனாரோட தாத்தா கட்டினதும்மா" என்றார். பிறகு சுவரைக் காட்டினார். ஒரு காலத்தில் வருடா வருடம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்களாம். பெயிண்ட் அடிக்க ஆரம்பித்த பிறகு மழைக்காலத்தில் சுவர் ஊதிக்கொண்டு உரிகிறது என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் தொழிலில் தினம் பார்க்கிறேன். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர் மூச்சு விடும். உள்ளே ஏறும் ஈரம் வெளியே ஆவியாகப் போகும். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடும். உள்ளேயே தங்கி உப்பாகப் பூத்து, பூச்சைத் தள்ளிக்கொண்டு வரும். சிமெண்ட் வைத்து ஒட்டுப் போட்டால் இன்னும் மோசம். பெயர்ந்திருந்த ஒரு இடத்தில் ஓவிய ஆசிரியன் விரல் வைத்து நிறங்களை எண்ணினான். மேலே ரோஸ், அதன் கீழ் வெளிர் பச்சை, அதன் கீழ் நீலம், நீலத்துக்கு அடியில் காவி கலந்த மஞ்சள், எல்லாவற்றுக்கும் அடியில் பால் போல் வெள்ளைச் சுண்ணாம்பு. சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில் ஐந்து நிறம். "இதைவிட என்னடா ஓவியம் வேணும்?" என்றான். அந்த அடுக்கைத்தான் அவன் அன்று வரைந்தான். வீட்டை வரையவில்லை.

பழைய கட்டடத்தை இப்படிக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. கடற்கரையில் இருந்த மேரி கட்டடம், 19ஆம் நூற்றாண்டு நகராட்சி மாளிகை, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே வடிவில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். வடிவம் திரும்பி வந்தது நல்ல விஷயம். ஆனால் பழைய கொத்தனாரின் கை அந்தச் சுவரில் இப்போது இல்லை. போகிற வழியெல்லாம் ஞாயிறு அன்று எத்தனையோ விரிசல்களைத் தாண்டித்தான் நடந்திருக்கிறோம். திங்கள் அன்றுதான் கண்ணில் பட்டது.

அந்த ஒரு வீதியில் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தோம். மதுரைக்காரன் மூன்று திண்ணைகளில் உட்கார்ந்தான். ஒருமுறைகூட வலி என்று சொல்லவில்லை.

அங்கிருந்து பெரிய மார்க்கெட் பக்கம் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை. வெளியே இருந்துதான் பார்த்தோம், அதுவே போதுமானதாக இருந்தது. 1738இல் எழுந்த வீடு இது. வைசியாள் வீதியில் கண்ட கோட்டின் வேர் இங்கே இருக்கிறது. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷியாக இருந்த பிள்ளை 1736இல் இருந்து 1761 ஜனவரியில் இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதினார். ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்ததும் அதே மாதம்தான். கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னரின் கோபம், யாருக்கு யார் நஜர் (காணிக்கை) கொடுத்தார் என்று எல்லாம் அதில் இருக்கிறது. 1748இல் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்த துயரத்தையும் அவர்தான் எழுதி வைத்தார். இந்த ஊரின் அழகைப் பேசும்போது அதையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நினைக்கிறேன். எங்களுக்குள் அதைப் பற்றி மார்க்கெட் வாசலில் நின்று நெடுநேரம் பேச்சு நடந்தது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மதியம் ஒரு சின்ன மெஸ்ஸில் மீன் குழம்புச் சாப்பாடு. வடகம் போட்டுத் தாளித்த வாசனை வாசலுக்கே வந்தது. அந்த வடகத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் வடுவான் என்று தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். வீட்டில் கண்ட கோடு சட்டியிலும் இருக்கிறது என்றான் ஓவிய ஆசிரியன்.

மூன்றரைக்குத் தெற்கு புல்வார் சாலையில் உள்ள பசிலிக்கா. ஞாயிறு தவறவிட்டது திங்கள் அமைதியாகக் கிடைத்தது. 1907இல் முடிந்த கோதிக் பாணிக் கட்டடம், 2011இல் பசிலிக்கா ஆனது. அன்று உள்ளே ஏழெட்டுப் பேர்தான். ஜனவரி மாலை வெயில் ஒரு பக்கத்து வண்ணக் கண்ணாடிகளில் சரிவாக விழுந்து, எதிர்த் தூணில் சிவப்பும் நீலமுமாக ஒரு திட்டு ஏறியது. பின் வரிசை பெஞ்சில் ஐந்து பேரும் உட்கார்ந்து அந்தத் திட்டு தூணில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கால் மணி நேரத்தில் ஒரு முழம் நகர்ந்தது. ஜெபிக்க வந்திருந்த ஒரு அம்மாள் தலைமேல் சில நிமிடம் அந்த நீலம் தங்கிப் போனது. செவிலியர் தோழி இந்தமுறை தூங்கவில்லை.

கோவைக்காரன் பஸ் ஸ்டாண்டில் கணக்குச் சொன்னான். திங்கள் அன்று பார்த்த இடங்கள் நான்கு. நின்று பார்த்த நேரம் நாலேகால் மணி. ஆட்டோச் செலவு ஞாயிறு செலவானதில் ஆறில் ஒரு பங்கு.

மறுபடி

இரண்டு நாளை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. தற்செயலாகக்கூட இரண்டாம் நாள் நன்றாக அமைந்திருக்கலாம், திங்கள் கூட்டம் குறைவு என்பதாலும் இருக்கலாம். அதனால் ஆடி மாதத்தில், வெயில் நேரத்திலேயே, இன்னொரு முறை போய்ப் பார்த்தோம். இந்தமுறை செவ்வாய். கேள்வி: அரிக்கமேட்டில் என்ன செய்தார்கள்?

அருங்காட்சியகம் திறந்ததும் உள்ளே போனோம். சோழர் கால வெண்கலச் சிலைகள், பிரெஞ்சுக்காரர் வீட்டு நாற்காலிகள், பல்லக்கு எல்லாம் இருந்தன. அவற்றை மெதுவாகக் கடந்து மணிகளுக்கு முன்னால் நின்றோம். கண்ணாடி மணிகளில் சில கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதிலும் நூல் கோர்க்கத் துளை இருக்கிறது. உருக்கிய கண்ணாடியைக் குழாயாக நீட்டி இழுத்து, குழாயைத் துண்டு துண்டாக நறுக்கிச் செய்தவை. இழுக்கும்போதே துளையும் கூடவே நீண்டு வந்துவிடும். அந்த வகை மணிகள் கடல் தாண்டித் தென்கிழக்கு ஆசியா வரை போயிருக்கின்றன. பக்கத்தில் ஆம்போரா ஜாடித் துண்டுகள்: மதுவும் எண்ணெயும் நிரம்பி மேற்கில் இருந்து வந்த ஜாடிகள். மதுரைக்காரன் நகைக்கடன் பிரிவில் இருப்பவன். மணியின் துளை ஓரம் வழவழப்பாக இருப்பதை அவன்தான் காட்டினான்.

மதியம் வெயில் தாழ்ந்து அரிக்கமேடு. அதே மாமரம், அதே இடிந்த சுவர், அதே அரியாங்குப்பம் ஆறு. இந்தமுறை யாரும் சுவர்ப் பக்கம் போகவில்லை. எல்லோரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆறு கடலோடு சேரும் திசை எது, படகு எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கும், உலை வைக்க விறகு எங்கிருந்து வந்திருக்கும் என்று பேச்சு போனது. ஓவிய ஆசிரியன் தண்ணீரில் ஒரு படகை வரைந்தான். கோவைக்காரன் குனிந்து மண்ணைப் பார்த்தபடியே நடந்தான். எதையும் எடுக்கக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும், பார்க்கத்தான் குனிந்தான்.

திரும்பும்போது விழுப்புரம் சாலையில் வில்லியனூரில் இறங்கிச் சுடுமண் பொம்மைகள் வாங்கினோம். புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் அது. அங்கே மண்ணில் உழைக்கும் முனுசாமி அவர்களுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. செவிலியர் தோழி வாங்கிய குதிரையின் வயிற்றில், செய்தவரின் பெருவிரல் ரேகை சுட்டுப்போய் அப்படியே பதிந்திருந்தது. பஸ்ஸில் சென்னை வரை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு போனாள்.

அடுத்த தடவைக்கான பட்டியலைக் கோவைக்காரன் போன வாரம் அனுப்பியிருக்கிறான். ஒரே வரிதான் இருக்கிறது: பாகூர் மூலநாதர் கோயில், காலை வெயிலில், அடித்தளத்துக் கல்வெட்டுகள்.